பெயர் கேட்காத வரி

...இல்லை, இந்த வரி இங்கே நிற்கக்கூடாது, மேலே போக வேண்டும், எல்லாக் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டுக்குள் விடும் இந்தப் பிராக்சி சர்வர் விதிகளை மேலிருந்துதான் படிக்கும், முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும், கீழே எழுதியதைச் சீண்டவே சீண்டாது... லேப் பொறுப்பிலிருக்கும் பிளசி இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தபடி கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. காலையில் தாளாளர் வந்து, "இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுங்க மேடம், எந்தப் புள்ள எந்த வெப்சைட்டுக்குப் போவுதுன்னு பேரோட எனக்கு வேணும்ங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். இத்தனை வருடமாகக் கல்லூரி முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, காரிமங்கலம் சந்தைக்குள் நுழைவதுபோல யார் வேண்டுமானாலும் நுழையலாம், அப்போதெல்லாம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? தெரியாதா என்ன. பெண்களுக்கான புகார்த் தளத்தில் கம்ப்யூட்டர் துறை தர்மன் சாரைப் பற்றி யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள், எழுதியது இந்த லேபிலிருந்துதான் என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க அவள் மறுபடி அங்கே போவாள், பெயரோடு மாட்டுவாள், அதற்குத்தான் இத்தனையும்.

யாரென்று பிளசிக்குத் தெரியும். அன்பரசி, மூன்றாம் ஆண்டு, கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்... போன வாரம் மேசையருகே நின்று துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே, "மிஸ், இதுல யாரு எதைப் பாத்தாங்கன்னு தெரியுங்களா?" என்று கேட்டாள், "தெரியாது கண்ணு, எல்லாருக்கும் ஒரே பேருதான, பயப்படாத" என்று சொன்னது யார்? இவளேதான். அடுத்த மணிக்கு அந்த வகுப்புதான் லேபுக்கு வருகிறது. புதுப் பாஸ்வேர்டு அவரவர் பிறந்த தேதியாம், தாளாளரின் அபார மூளை, பாதிப் பெண்கள் பள்ளியில் சேர்த்தபோது தேதி போட்ட ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் ஜூன் ஐந்தாம் தேதி பிறந்தவர்கள், ஒருத்தி பெயரில் இன்னொருத்தி நுழைய எவ்வளவு நேரமாகும், ஒன்றும் அறியாத ஏதோ ஒரு பெண்கூட மாட்டலாம்... ஒரே ஒரு வரி போதும், பாஸ்வேர்டு கேட்கும் வரிக்கு மேலே, அந்தப் புகார்த் தளத்துக்குப் போகிறவர்களிடம் பெயர் கேட்காதே என்று, கூடவே போனதைக் குறித்தும் வைக்காதே என்று இன்னொன்று. கண்டுபிடித்தால்? வேலை போகும், பிறகு ஒசூரா பெங்களூரா, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு? ஆனாலும் விரல்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தன.

"என்னங்க மேடம், வேலை மும்முரமா?" முதுகுக்குப் பின்னால் தர்மன் சார். எப்போது வந்தார்? இவளுக்கும் இதே கல்லூரியில் பாடம் எடுத்தவர், திரையைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும். இரண்டு விசைகளைத் தட்டித் திரையை மாற்றினாள். "மேடம் மவுஸே தொட மாட்டாங்க, எல்லாம் கீபோர்டுலயேதான், எங்கிட்டப் படிச்ச புள்ளையாச்சே" என்று பெருமையாகச் சொல்லி, நாற்காலி முதுகைத் தட்டிவிட்டுப் போனார். கதவு மூடியது. பார்த்திருப்பாரா? பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரிக்க மாட்டார்... இடது கையாலேயே சர்வரை மறுபடி ஓட விட்டாள். வேறு தளங்களைத் திறந்தால் பெயர் கேட்டது. புகார்த் தளம் கேட்காமலேயே திறந்தது.

அப்பாடா. மூடிவிடலாம், சோதனைக்குத் திறந்ததுதானே... ஏன் இடது கையால்? குனிந்து பார்த்தாள். வலது கை மடியில், புடவைத் தலைப்புக்குள் சுருண்டு கிடந்தது, அவர் குரல் கேட்டதுமே அது தானாக அங்கே போயிருக்கிறது. முதலாம் ஆண்டு, இதே லேப், "இப்பிடிப் புடிக்கணும்மா" என்று மவுஸின் மேலிருந்த கையின் மேல் அவர் கை, எடுக்கவே எடுக்காத கை... கீபோர்டு வேகம், அதனால்தான் மவுஸ் வேண்டாம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், தன்னிடமே எத்தனை முறை! வெளியே செருப்புகளைக் கழற்றும் சத்தம், பெண்கள் வந்துவிட்டார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அன்பரசி முதலில் நின்று இவளையே பார்த்தாள். 'உங்கள் புகாரை இங்கே எழுதவும்' என்று திரையில் வெள்ளைக் கட்டம் திறந்தே இருந்தது. மூட வேண்டும், மூடிவிடலாம்... வலது கை மடியிலிருந்து வெளியே வந்திருந்தது, எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.