கைலியில் விழுந்த கங்கு

புதிதாகப் பிறக்கப்போகிற நாட்டுக்கு ராஜா வேண்டுமா, அல்லது மக்களே ஆளுகிற குடியரசும் அதற்கொரு சட்டமும் போதுமா என்று மறுநாள் காலை வாக்குச் சீட்டுப் போட வேண்டும். ஜகார்த்தாவில் கூடியிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை யோசிப்பதற்கென்று விடப்பட்ட விடுமுறை.

ராடென் விர்யோவுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. ஜாவாவின் நடுவில் ஒரு சின்ன அரண்மனையில் முப்பது வருஷம் குந்தியபடியே நகர்ந்து சேவகம் செய்தவர். மன்னரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் கால் கட்டைவிரல் அசைவதை வைத்தே அன்றைக்கு என்ன குழம்பு பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அவர் புறப்பட்ட நாளில் மன்னர் மெழுகால் கோலம் எழுதிச் சாயம் தோய்த்த தன் பாத்திக் கைலியையே எடுத்துக் கொடுத்தார். அரச வம்சம் தவிர யாரும் இடுப்பில் சுற்றக் கூடாத சாய்கோட்டுக் கைலி. ஊர் முழுக்கக் கோணிச் சாக்கை உடுத்தித் திரிந்த காலம் அது.

"இந்த நாட்டுக்கு ஒரு ராஜா கெடைக்கணும் விர்யோ. அதுக்குத்தான் உன்னை அனுப்பறேன்" என்றார் மன்னர். விர்யோ சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள் இரண்டு பேர். சுமத்ராவிலிருந்து வந்த தாத்துக் மங்குத்தோ, எதையும் நாலு பேர் கூடிப் பேசித்தான் முடிக்க வேண்டும் என்கிற ஊர்க்காரர். இன்னொருவர் அம்போனிலிருந்து வந்த தஹலேலே. கப்பலில் பாதி ஆயுசைக் கழித்தவர்.

அவித்த மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டே தாத்துக் சொன்னார், "நானும் மூணு நாளா வாய் வலிக்கப் பேசிட்டேன், ராடென். கேக்க மாட்டேங்கறீங்க. ஒண்ணு பண்ணலாம். சாயங்காலத் தொழுகைக்கு முரசு அடிக்கிற வரைக்கும் நீங்கதான் ராஜா. நாங்க குடிமக்க. நல்லா இருந்துச்சுன்னா நாளைக்கு நானும் ராஜாவுக்கே போடறேன்."

"வெளையாட்டு இல்லியே?"

"நான் எப்ப வெளையாடினேன்? தஹலேலேவைக் கேளுங்க."

"எனக்கு ஒரு பதவி குடுத்தா நானும் சேந்துக்கறேன்" என்றார் தஹலேலே.

ராடென் விர்யோ சாய்கோட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு மூங்கில் நாற்காலியில் அமர்ந்து முறைகளை அறிவித்தார். ராஜாவைவிட உயரத்தில் யாரும் இருக்கக் கூடாது. நிமிர்ந்து நடக்கக் கூடாது. ராஜா கேட்டால்தான் பேச வேண்டும். அப்போதும் அவர் மனம் நோகும்படி எதையும் சொல்லக் கூடாது.

அலமாரி மேல் உட்கார்ந்திருந்த சேவல் முதல் முறையை மீறியதற்காக நாடு கடத்தப்பட்டது. தஹலேலே குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்கு அட்மிரல் ஆனார். தாத்துக் நெற்றி தரையில் தட்டும்படி கும்பிட்டார். விர்யோவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அரை மணி நேரத்தில் அவருடைய குரலே மாறிப்போய்விட்டதாம். அடுத்த தெரு நாய்கள்கூட அதைக் கேட்டு வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தன என்கிறார்கள். நான் நம்பாமல் இல்லை.

சாப்பிட்ட மயக்கத்தில் ராஜா கிராம்பு கலந்த சோளத்தோல் சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்துச் சாய்ந்தார். கிராம்பு படபடவென்று வெடித்தது. ஒரு கங்கு பறந்து போய் கைலி மடிப்புக்குள் விழுந்தது.

தாத்துக் பார்த்தார். அட்மிரலும் பார்த்தார். இரண்டு பேரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராஜா மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை அது?"

"தங்களோட புகழ்தான் மணக்குது, பிரபு" என்றார் தாத்துக்.

"சூடா இருக்கே?"

"தங்களோட பிரதாபம், பிரபு" என்றார் அட்மிரல்.

ராஜாவுக்குத் திருப்தி. இன்னொரு இழுப்பு இழுத்தார். அடுத்த நொடி, முப்பது வருஷமாக நிமிராத முட்டியெல்லாம் நிமிர்ந்து, கூரை ஓடு பெயர்கிற உயரத்துக்குக் குதித்தார். அலறிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். அங்கே தஹலேலே விறைத்து நின்று சலாம் வைத்தார். "தொட்டிக்குள்ள எறங்க உத்தரவு எழுதிக் குடுக்கணும், பிரபு."

"அட, தள்ளுய்யா!"

தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி விர்யோ கத்தினார், "பாத்துட்டே இருந்தீங்களே பாவிங்களா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கெட்டதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அரமனையில மட்டும் யாரு சொல்லுவா?" என்றார் தாத்துக்.

விர்யோவுக்குப் போன அறுவடைக்குப் பிறகு மன்னர் கேட்டது நினைவுக்கு வந்தது. "ஜனங்க எப்படி இருக்காங்க, விர்யோ?" மலையடிவாரத்தில் வாழைத்தண்டைத் தின்று கொண்டிருந்தார்கள். அரண்மனைக் குதிரில் நெல் இருந்தது. மன்னர் நல்லவர், சொல்லியிருந்தால் திறந்து விட்டிருப்பார். விர்யோ சொன்னது வேறு. "தங்களோட தயவுல செழிப்பா இருக்காங்க, பிரபு."

கெட்ட ராஜா வந்தால் என்ன செய்வது என்று தாத்துக் மூன்று நாளாகக் கேட்டபோதெல்லாம், நல்லவராகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றே விர்யோ பதில் சொல்லி வந்தார். நல்ல ராஜாவுக்கும் கைலி பற்றிக்கொண்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவனைக் காப்பாற்ற ராஜாவுக்கும் மேலே ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

தொட்டியிலிருந்து எழாமலே கேட்டார், "தாத்துக், நீங்க எழுதற சட்டத்துல, மேல இருக்கறவன்கிட்ட போய் 'உனக்குப் பத்திக்கிச்சுடா'ன்னு சொல்ல எடம் உண்டா?"

"அதுக்குத்தானே எழுதறோம்."

"சொன்னவன் தலை?"

"கழுத்து மேலயே இருக்கும்."

மறுநாள் காலை விர்யோ குடியரசுக்குப் போட்டார். போட்டுவிட்டு, ஓட்டைக் கைலியை மடித்து எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். சத்தியத்தை மீறியவனுக்கு அந்த அரண்மனையில் என்ன கிடைக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

பழக்க தோஷம், மன்னர் முன்னால் குந்தியபடிதான் போனார். கைலியை விரித்து வைத்தார். "நான் குடியரசுக்குப் போட்டுட்டேன், பிரபு. கைலியும் எரிஞ்சு போச்சு." கங்கு விழுந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார்.

மன்னரின் கால் கட்டைவிரல் அசையவே இல்லை. பிறகு மன்னர் தன் உடுப்பின் ஓரத்தை மெல்லத் தூக்கினார். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு.

"நான் பட்டத்துக்கு வந்த அன்னிக்கு, சாம்பிராணித் தட்டுல இருந்து ஒரு கங்கு விழுந்துச்சு. சுத்தி நாப்பது பேரு. கும்பிட்டுட்டே இருந்தீங்க. நீ முன்வரிசையில" என்றார் மன்னர்.

விர்யோவின் நெற்றி தரையைத் தொட்டது.

"இப்ப சொல்லு. ஜனங்க எப்படி இருக்காங்க?"

ராடென் விர்யோ எழுந்தார். முட்டி இரண்டும் மூங்கில் போல வெடித்தன. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மன்னரின் முகத்தை நேரே பார்த்து, "வாழைத்தண்டைத் தின்னுட்டு இருக்காங்க" என்றார்.

குதிர்ச் சாவி மன்னரின் இடுப்பில்தான் இருந்தது. அவர் அதை அவிழ்த்தார்.