ஒரே சஹனில் சோறு

ஹாமிதுக்கு வீராப்பு அதிகம். தங்கை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அங்கே பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்று ஊரறியச் சொன்ன மனிதர். ஆனால் கொழும்புக்குத் தோணியேறப் போகிறவர் கூடப்பிறந்தவளிடம் பயணம் சொல்லாமல் போக முடியுமா? அதுவும் யுத்த காலம். போனவர் எப்போது திரும்புவார் என்று யார் கண்டது? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? மாலை அசர் தொழுகை முடிந்த கையோடு காயல்பட்டினத்தில் தங்கை ருகையாவின் வீட்டுக்கு வந்து நின்றார்.

தங்கையின் கணவர், மச்சான் மக்தூம், தூத்துக்குடிக் கடையிலிருந்து இரவுதான் வருவார் என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். வீராப்பிலும் ஒரு கணக்கு உண்டு.

ருகையா, வாங்கோ காக்கா என்று அண்ணனுக்குப் பாய் விரித்தாள். தண்ணீர் போதும் என்றவரின் கையில், கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த இளஞ்சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். பிடித்துக் கொடுத்த சேவலை என்ன செய்வது? பிஸ்மில்லா சொல்லி அறுத்துத் தந்தார்.

"ஏளா, சுருக்கா ஆக்கு. மஃரிப் தொழுதுட்டு வண்டியேறணும். தூத்துக்குடிக்கு ராத்திரியெல்லாம் மாட்டுவண்டிப் பயணம்."

சண்டை உம்மாவின் மவுத்தில் வந்தது. உம்மா கண்ணை மூடிய அன்று ஹாமிதின் தோணி தூத்துக்குடிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஆள் அனுப்பினார்கள். நல்ல கோடை. மய்யித்தை வைத்திருக்கக் கூடாது என்று தெருப் பெரியவர்கள் சொன்னார்கள், மக்தூம் சரி என்று தலையாட்டினார். ஹாமிது ஓடி வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. என் உம்மா முகத்தை எனக்குக் காட்டாமல் புதைத்தவன் என்று அடக்கஸ்தலத்தில் அத்தனை பேர் முன்னாலும் மச்சானைச் சொல்லிவிட்டார். மக்தூமுக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அன்றோடு இருவருக்கும் முகம் பார்ப்பது நின்றது.

இதில் இன்னொரு சங்கடம். அந்த ஊரில் கல்யாணமான ஆண்பிள்ளை பெண்டாட்டி வீட்டில்தான் வாழ்வான். ஹாமிது பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது மக்தூம்தான் ஆண்பிள்ளை. அடுக்களைக்கு உத்தரவு போடும் உரிமை பிறந்தவருக்கா, வாழ்பவருக்கா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

ருகையா அடுப்பைக் கூட்டினாள். தேங்காய் துருவி அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அவளுக்கு மிளகுச் செப்பே கையில் சிக்கவில்லை. சின்ன வெங்காயத்தை நெய்யில் வதக்கி, இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு, கோழியைச் சிறு துண்டுகளாக்கிப் புரட்டினாள்.

அன்றைக்கென்று பார்த்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடி, எப்போதும் வழியில் நின்றுவிடும் கரி பஸ் நேரத்துக்கு வந்து தொலைத்தது. முன்வாசலில் மக்தூமின் ஸலாம் கேட்டது. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் ஹாமிது பதில் சொன்னார். அதோடு சரி. பொழுது சாய்ந்ததும் இருவரும் மஃரிப் தொழத் தனித்தனியே பள்ளிவாசலுக்குப் போய்த் தனித்தனியே திரும்பி, முன்கட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

மக்தூமுக்கு மிளகு தூக்கலாக, கண்ணில் நீர் வர வேண்டும். ஹாமிதுக்கோ சின்னப் பிள்ளையிலிருந்தே எதிலும் ஓர் இனிப்பு வேண்டும். நேரமிருந்தால் ஆளுக்கொரு குழம்பாக இரண்டு ஆணம் காய்ச்சியிருப்பாள். சீனிக்கோ கடைத்தெருவில் பஞ்சம். மக்தூம் துறைமுகத்திலிருந்து கொண்டு வந்திருந்த பேரீச்சம்பழத்தில் ஒரு கை எடுத்துக் கொட்டை நீக்கி வெந்நீரில் போட்டாள். அது குழைந்ததும் கோழியில் கொட்டி, பொடித்த மிளகை அள்ளிப் போட்டாள். அரைத்த தேங்காய் இல்லாத குறையைப் பழம் தீர்த்தது. குழம்பு கெட்டியாகிப் பளபளத்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கிஸ்மிஸை நெய்யில் பொரித்து மேலே தூவினாள். சோறும் வெந்தது.

பரிமாற இரண்டு பீங்கான் தட்டுகளை எடுத்தாள். ரேஷன் அரிசி. இரண்டாகப் பிரித்தால் இரண்டு தட்டிலும் ஏழ்மைதான் தெரியும். தட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டுச் சஹனை எடுத்தாள். விருந்துக்கு நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தாம்பாளம் அது. பகையோடு யாரும் ஒரு சஹனில் கை வைப்பதில்லை. வைத்த சஹனைக் கண்டு ஒருவர் எழுந்து போனாலோ, விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்த உறவை ஒட்டவைக்க ஆளில்லை. காக்காவோ நாளைக்குக் கடல் தாண்டிவிடுவார். இதெல்லாம் தெரிந்துதான் எடுத்தாள்.

சோற்றைக் குவித்து நடுவில் கோழியை வைத்துக் கொண்டுபோய்ப் பாயில் இறக்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முன்கட்டில் ஓர் ஆள் எழுந்திருக்கும் ஓசை கேட்டது. போச்சு என்று நினைத்தாள். அடுத்த ஆளும் எழுந்தார். பாய் சரசரத்தது. ஒரு பிஸ்மில்லா கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"இந்தத் தொடைய நீங்க எடுத்துக்கிடுங்கோ, மச்சான்" என்றார் மக்தூம்.

ஹாமிது மென்றுவிட்டு, இனிக்கிறதே என்றார். எரிக்கவும் செய்கிறது என்று மக்தூம் மூக்கை உறிஞ்சினார். பிறகு கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேச்சு ஓடியது.

கை கழுவக் கொல்லைக்கு வந்த ஹாமிது தங்கையிடம் குரலைத் தாழ்த்தினார். சஹன் வைக்கச் சொன்னது உன் மாப்பிள்ளைதானே, பெரிய மனிதர், நான்தான் அன்று வாயை விட்டுவிட்டேன் என்றார். அந்த வெயிலில் உம்மாவை எவ்வளவு நேரம்தான் வைத்திருக்க முடியும் என்று அவராகவே கேட்டுக்கொண்டார். போகிறவர் மனசை ஏன் கலைக்க வேண்டும்? ருகையா அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். வண்டி வரைக்கும் மக்தூமே பெட்டியைத் தூக்கிப் போனார்.

திரும்பி வந்தவர் நேரே அடுக்களைக்கு வந்தார்.

"ஒங்க காக்கா மனசு யாருக்கு வரும் ருகையா? அவுஹளே சஹன் கேட்டிருக்காஹ. நான் அன்னைக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும். எனக்குத் தெரியும், பொறுத்திருக்கணும்."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். இவரிடமும் சும்மா இருந்துவிடலாம்தான். ஆனால் முடியவில்லை.

"யாரும் கேக்கல்லே. நாந்தான் வெச்சேன்" என்றாள். "நீங்க பொறுத்தீங்களா, அவுஹ வந்தாஹளான்னு இத்தன நாளும் ரெண்டு பேருக்கும் அதுதான் சண்ட. போனது எனக்கும் உம்மாதான். எங்கிட்ட யாரு என்ன கேட்டிய?"

மக்தூம் அடுக்களைத் தரையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உம்மா போகையில ஒன் கையத்தானே பிடிச்சிருந்தாஹ?"

ருகையா ஆமாம் என்று தலையசைத்தாள். அப்புறம், உம்மா போன அன்று ஊரும் உறவும் கூடி நின்றபோது அழ முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.