ஏணியில் ஆண்கள் மட்டும்

ஒன்பது வருடங்களாக அவர்கள் இருவரும் ஒரே மரத்தில்தான் ஆப்பிள் பறித்தார்கள். அவன் ஏணியில், அவள் கீழே. "வலது கைக்கு மேல... அது இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று அவள் சொல்லச் சொல்ல அவன் கை நீளும். அறுவடைக்காகக் கூடவே பஸ்ஸில் வருகிறவர்கள் அவளுக்கு 'ரிமோட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ரிமோட்டு இல்லாம உன் புருஷன் சோறாவது தின்பானா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் வந்தவர் புது மேஸ்திரி. "ஜோடியா நின்னா வாய்தான் வேலை செய்யுது" என்று பிரித்துவிட்டார். ஆண்களுக்கு ஏணி, பெண்களுக்குத் தாழ்ந்த கிளை. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நான்கு வரிசை மரங்கள்.

பத்து மணிக்குள் அவனுடைய மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. பாதிக்கு மேல் காய். மேஸ்திரி எல்லார் முன்னாலும் அவற்றைத் தரையில் கவிழ்த்தார்.

"இன்னும் ஒரு பெட்டி இப்படி வந்தா நாளைக்கு பஸ் ஏறிடு. அடுத்த வருஷ லிஸ்ட்டுலயும் உன் பேர் இருக்காது."

சாப்பாட்டு நேரத்தில் அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லிடுங்க."

"சொன்னா?"

"வேற வேலை குடுப்பாரு."

"வேற வேலைன்னா லாரிக்குப் பெட்டி தூக்குறதுதான். இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?"

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"அமுக்கிப் பாத்துப் பறிக்கிறேன்."

"அமுக்கினா கன்னிப் போயிடும். அதுக்கும் திட்டு வாங்கணும்."

"நீ போய் உன் வேலையப் பாரு" என்று எழுந்து போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்தார். "ஒன்பது வருஷமா எல்லார் கண்ணுலயும் மண்ணத் தூவியிருக்கீங்க."

"அந்த ஒன்பது வருஷத்துல ஒரு பெட்டியாவது திரும்பி வந்துச்சா? பழைய மேஸ்திரியக் கேளுங்க."

"உங்களைச் சேத்து விட்டா நாளைக்கு எல்லா ஜோடியும் வந்து நிக்கும்மா."

"அப்ப நான் ஏணியில ஏறுறேன். அவரு கீழ நின்னு நான் பறிச்சு இறக்குற பையை வாங்கிக்கட்டும். நாங்க பேசவே வேண்டாம்."

"ஏணியில ஆம்பளைங்க மட்டும்தான்."

"ஆம்பளை ஏறித்தானே மூணு பெட்டி போச்சு?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மேஸ்திரியின் முகம் சுருங்கியது. "இந்த அறுவடை வரைக்கும். பேச்சுச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் பஸ்."

அவன் அவளைப் பார்க்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

மேலே ஏறியதும் அவள் ஒரு கணம் கையை நீட்டவில்லை. வெயில் படும் பக்கமெல்லாம் சிவந்து கிடந்தது. கீழேயிருந்து இதில் பாதிகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. இத்தனை வருடமாக இதையெல்லாம் மரத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவன் கை மந்தம் என்று அவள் திட்டியும் இருக்கிறாள்.

பை சட்டென்று நிறைந்தது. அவன் வாங்கி, குனிந்து, பெட்டியில் கொட்டினான். பெட்டி நிறைந்ததும் வரிசையின் முனைவரை தூக்கிப் போனான். லாரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான்காவது பையை வாங்கும்போது அவன் கை இடுப்புக்குப் போனது.

அடுத்த பையை அவள் பாதியிலேயே இறக்கினாள்.

அவன் உள்ளே பார்த்தான். "என்ன இது?"

"அவ்வளவுதான் பழம்" என்று முணுமுணுத்தாள்.

"எனக்கு நிறம்தான் தெரியாது. நிறைஞ்சுதா இல்லையான்னு தெரியும்."

பையை மேலே நீட்டினான். அவள் வாங்கவில்லை. நீட்டிய கையை அவன் இறக்கவும் இல்லை. தூரத்தில் மேஸ்திரி தலையைத் திருப்பினார்.

அவள் பையைப் பிடுங்கி நிரப்பத் தொடங்கினாள்.