குதிரை வண்டி ஊர்வலம்

மிருகவதைக்குக் கடுமையான சட்டம் கேட்டு கல்கத்தா லேக் மார்க்கெட்டிலிருந்து தமிழ்ச் சங்கத்தின் ஊர்வலம் புறப்பட்டது. தலைமை ஷியாமளா. தெருவில் எவனாவது நாயைக் கல்லால் அடித்தால் போதும், அவன் வீடுவரை துரத்திப்போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறவள். ஒலிபெருக்கியை ஏற்றிவரக் குதிரை வண்டி பிடித்ததும் அவள்தான்.

வெயில் ஏறியது. கால் வலிக்கிறதென்று முதலில் ஒரு மாமி வண்டியில் ஏறினாள். பின்னாலேயே சங்கத்தின் பருமனான பொருளாளர், தண்ணீர்ப் பானை, நாற்காலிகள், மிச்சமிருந்த மாமிகள். கடைசியில் ஷியாமளாவும் மைக்கோடு ஏறி நின்றுகொண்டாள். “வாயில்லா ஜீவனை வதைக்காதே!” என்று அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, காளிகாட் திருப்பத்தில் குதிரை நின்றுவிட்டது. வாயில் நுரை தள்ளியிருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பெங்காலியில் கேட்டார்: “ஒத்தைக் குதிரைக்கு இவ்வளவு பாரமா, தீதி? கேஸ் போடணுமே!”

ஷியாமளா அப்போதுதான் குதிரையைப் பார்த்தாள். முகம் சிவக்கக் கீழே குதித்தாள். எல்லாரையும் அதட்டி இறக்கினாள். தண்ணீர்ப் பானையைக் குதிரைக்கு முன்னால் வைத்தாள்.

“வண்டிக்காரரை விட்டுடுங்க. கேஸை என் பேர்ல எழுதுங்க,” என்றாள்.

போலீஸ்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது. “பயப்படாதீங்க தீதி. கோர்ட்ல பத்து ரூபா கட்டினா முடிஞ்சுது.”

“பத்து ரூபாயா?” ஷியாமளாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியில் விட்டுவந்த மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினாள்:

“கேட்டேளா அநியாயத்தை? இந்தக் குதிரையை நான் படுத்தின பாட்டுக்கு வெறும் பத்து ரூபாயாம்! என்னை இவ்வளவு சுலபமா விடலாமா?”