கிளேபாங் வழியாகப் போன சேதி

தீபாவளி முடிந்ததிலிருந்து வீரப்பனுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. பொழுது சாய வேண்டியதுதான், அவருடைய வானொலிக்குள் எவனோ பிடி மணலைப் போட்டு அரைப்பது போல இரைச்சல் கிளம்பிவிடும். படுக்கப் போகும்வரை ஓயாது. வேலை முடிந்து வந்தவர்கள் அவருடைய போர்டைக் கூப்பிடுகிற நேரமும் அதுதான். கூப்பிட்டு என்ன செய்ய, இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. ஜாசின்காரர் சில நாள் தட்டிப் பார்த்தார், ஆலோர் காஜாக்காரர் தட்டிப் பார்த்தார். அப்புறம் இருவரும் விட்டுவிட்டார்கள்.

போர்டு என்றால் சாலையோரத்தில் நட்டுவைக்கிற பலகை இல்லை. குருபோங்கில் அவர் வீட்டுக் குசினிக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய இடத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு பழைய கணினி, ஒரு வானொலி, இரண்டுக்கும் நடுவே கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. கணினியில் தட்டுகிற எழுத்தை அந்தப் பெட்டி சத்தமாக மாற்றும், வானொலி அதைக் காற்றில் விடும். இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிறவன் எங்கோ உட்கார்ந்து அதைத் திரும்ப எழுத்தாக்கிக்கொள்வான். வேண்டியவன் கூப்பிட்டு ஒரு சேதியைப் போட்டுவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவன் தலைப்புகளைப் பார்த்து, பிடித்ததைத் திறந்து படிப்பான். பேச்சு தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அந்தப் பெட்டிக்கு வேறு எழுத்து ஏறாது. இன்டர்நெட் கிடையாது. எந்த முதலாளியும் நடுவில் நின்று எட்டிப் பார்க்க முடியாது. வீரப்பனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். இங்கிலீஷ் எழுத்தை லாரி நம்பர் பிளேட்டில் பார்த்துப் படித்தார். செம்பனைக் குலை ஏற்றி ஓடிய காலத்தில் லாரிக்குள் சிபி செட் வைத்திருந்தார்கள். "வளைவுல போலீஸ் நிக்கிறான்", "பாலத்துல தண்ணி ஏறிடுச்சு" என்று முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்வான். அப்போது முன்லாரி பெரும்பாலும் நாகமுத்துவுடையது. இருவருக்கும் ஓட்டம் நின்றபிறகு, நாகமுத்துதான் இவரை இழுத்துக்கொண்டுபோய் வானொலிப் பரீட்சை எழுதவைத்து லைசென்ஸ் எடுக்கவைத்தார். குருபோங்கில் ஒரு போர்டு, கிளேபாங்கில் நாகமுத்து வீட்டில் ஒரு போர்டு.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீரப்பனின் அலை மலாக்காவைத் தாண்டாது. நாகமுத்துவிடம் சிற்றலை இருந்தது. இவர் போர்டில் 'எல்லாருக்கும்' என்று போட்ட சேதியைக் கிளேபாங் மெஷின் பகலில் தானாகக் கூப்பிட்டு அள்ளிக்கொண்டு போகும். இருட்டத் தொடங்கியதும் சிற்றலை திறக்கும், அங்கிருந்து தெலுக் இந்தான், சுங்கை பட்டாணி, குளுவாங் என்று அது ஊர் ஊராகப் பாயும். இவருக்கு வெளியுலகத்துக்குக் கிளேபாங்கை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த ஏற்பாடு செய்த அன்றைக்கே வீரப்பன் ஒரு விதி போட்டிருந்தார். "என் சேதிய நீ பாதியில புடிச்சி வச்சுக்கிட்டா?" என்று கேட்டார்.

"நான் எதுக்கு லா புடிக்கப்போறேன்?"

"யாருக்குத் தெரியும். வழியில வர்ற சேதி யாருதா இருந்தாலும், என்னா எழுதியிருந்தாலும் கை வைக்கக்கூடாது. அப்பதான் நான் சேருவேன்."

நாகமுத்து சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பிறகு இந்தத் தீபாவளிக்கு வந்த இடத்தில், முறுக்கைக் கடித்தபடி நாகமுத்துதான் ஆரம்பித்தார். போர்டை இன்டர்நெட்டில் கோர்த்துவிட்டால் பிள்ளைகள் போனிலேயே படிக்கலாமே என்றார். வீரப்பனுக்குச் சுருக்கென்றது. "கம்பிய உள்ள விட்டா கம்பிக்கு அந்தப் பக்கம் எவன் இருக்கான்னு உனக்குத் தெரியுமா? நீ யாருகிட்ட வாங்கித் தின்னுட்டு வந்து பேசுற?" என்றார். நாகமுத்து கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றே வீரப்பன் தன் போனிலிருந்து அவர் நம்பரை அழித்துவிட்டார்.

அதே வாரம் இரைச்சல் தொடங்கியது. அப்படியானால் யார்?

சும்மா சந்தேகப்படுகிற ஆளில்லை தான் என்று நிரூபிக்க, இரும்பு அளவுநாடாவை வெட்டிக் குழாயில் கட்டி ஒரு கை ஆன்டெனா செய்தார். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அது காட்டும். மேசைக்குப் பக்கத்தில் நின்று சுற்றிப் பிடித்தார். குசினிச் சுவரைப் பார்த்துப் பிடித்தபோது இரைச்சல் காதைக் கிழித்தது. சுவரில் பென்சிலால் கோடு போட்டார், வரைபடத்தில் அந்தக் கோட்டை நீட்டினார். நேராகக் கிளேபாங்கில் போய் நின்றது. அவருக்கு வயிறு குளிர்ந்தது, உடனே எரியவும் செய்தது.

மறுநாள் மத்தியானம், இரைச்சல் இல்லாத நேரத்தில், ஒற்றை விரலால் சேதியைத் தட்டினார். தலைப்பு: KLEBANG THIRUDAN. உள்ளே, அலையை அடைத்து அடுத்தவன் போர்டைக் கெடுக்கிற பொறுக்கி நாகமுத்து, இவனை எவரும் நம்பவேண்டாம் என்று. 'எல்லாருக்கும்' என்று போட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் விளக்கு மினுக்கியது. கிளேபாங் மெஷின் கூப்பிட்டது, அள்ளியது, போயிற்று. திருடனைப் பற்றிய சேதியைத் திருடன் வீட்டு மெஷினே சுமந்து போகிறது. வீரப்பன் அதை நினைத்துச் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. எழுந்து வாசல்வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார்.

"என்னங்க, கோழி மாதிரி சுத்துறீங்க?" என்றாள் அவர் மனைவி முனியம்மா.

"நீ உன் வேலயப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். அந்திக்கு முகம் கழுவி, முன் ஹாலில் சாமி மேடைக்கு விளக்கேற்றினாள். பின்னால் மேசையில் இரைச்சல் கிளம்பியது. "தொடங்கிட்டான்" என்று வீரப்பன் பல்லைக் கடித்தார். அது நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது, கிளம்பியது. இப்படி விட்டுவிட்டு வந்ததே இல்லை. ஹாலிலிருந்து முனியம்மா முனகுவது கேட்டது.

"என்னா அது?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல, இந்த லைட்டுல ஒரு பக்கம் எரியல. போட்டுப் போட்டுப் பாக்குறேன்."

வீரப்பன் ஹாலுக்கு வந்தார். முனீஸ்வரன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஒரு சரவிளக்கு ஓடிக்கொண்டிருந்தது. தினம் பார்த்த விளக்குதான். பார்த்தாரே தவிர கண்ணில் படவில்லை.

"இது எப்ப வாங்குன?"

"தீபாவளி முடிஞ்சி பசார் மாலாம் ராத்திரிக் கடையில பாதி வெலைக்குப் போட்டான். ஏன்?"

"அணை."

அணைத்தாள். பின்னால் அமைதி.

"போடு."

மணல் அரைபட்டது.

"அணை. போடு. அணை."

"உங்களுக்கு என்னா வந்துச்சு இப்ப?"

வீரப்பன் மேசைக்கு ஓடி, பென்சில் கோட்டைப் பார்த்தார். கோடு குசினிச் சுவரைத் துளைத்து, ஹாலைத் துளைத்து, சாமி மேடை வழியாகத்தான் கிளேபாங்குக்குப் போயிருந்தது. இரண்டு இடத்தில் நின்று பிடித்து, கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பார்க்கவேண்டும். லைசென்ஸ் எடுத்தவனுக்கெல்லாம் தெரிந்த பாடம். முதல் கோடே பிடித்த இடத்துக்குப் போனதால் அவருக்கு இரண்டாவது தேவைப்படவில்லை.

சேதியை அழித்தார். அழிந்தது இங்கிருந்த நகல்தான். கிளேபாங்கில் உள்ளதை இங்கிருந்து தொட முடியாது. நம்பர் இல்லை. வானொலியில் வாயால் கூப்பிட்டார். போர்டு ஓடும்போது நாகமுத்து சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார் என்பது தெரிந்தும் கூப்பிட்டார். வெளியே தாமான் குடியிருப்பில் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் சிற்றலை திறந்துவிடும். சரவிளக்கைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை மிதித்தார்.

"சாமி லைட்ட எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"கிளேபாங்குக்கு."

பள்ளி விடுமுறை. தேங்காய் ஷேக் குடிக்க வந்த வெளியூர்க் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வீரப்பன் கார்களுக்கு நடுவே நுழைந்தார், கால்வாய் ஓரமாக ஏறினார், ஒருவன் கண்ணாடியை இறக்கி மலாயில் திட்டினான். கடல் பக்கம் வானம் சிவந்து கறுத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அவர் அதைப் பார்த்தால் சிற்றலை நன்றாக இருக்கும் என்று நினைப்பார். இன்றைக்கும் அதைத்தான் நினைத்தார், மோட்டாரை இன்னும் முறுக்கினார்.

நாகமுத்து கைலியோடு மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்துக்குத் திரும்பினார், மறுபடி செடியைப் பார்த்தார்.

"போயிடுச்சா?" என்றார் வீரப்பன்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத நாகா."

"போயிடுச்சு. இப்பதான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. தெலுக் இந்தான் மொதல்ல எடுத்துக்குச்சு."

"நீ படிச்சியா?"

"மத்தியானமே படிச்சேன். 'பொறுக்கி'ன்னு போட்டிருந்த."

"படிச்சிட்டு ஏன்டா விட்ட? ஒரு பட்டனத் தட்டி நிறுத்தியிருக்கலாமே."

நாகமுத்து குழாயை மூடினார். "வழியில வர்ற சேதியில கை வைக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு? நானா? நான் நிறுத்தியிருந்தா, பாத்தியா நான் சொன்னது சரிதான்னு நீயே ஊரெல்லாம் சொல்லுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

வீரப்பன் மோட்டாரைவிட்டு இறங்கினார். பையை நீட்டினார். நாகமுத்து உள்ளே எட்டிப் பார்த்து, விளக்கைத் தூக்கிப் பிடித்து, எதுவும் கேட்காமல் வீட்டுக்குள் போனார். வானொலிப் பக்கத்தில் செருகினார். சிவப்பும் பச்சையும் ஓடின, இரைச்சல் பாய்ந்து வந்தது. பிடுங்கினார், அடங்கியது.

"வீட்டுல எங்க கட்டியிருந்தீங்க?"

"சாமி மேடையில."

"எத்தன எடத்துல நின்னு பாத்த?"

வீரப்பன் ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரே எடமா?" நாகமுத்துவின் உதடு கொஞ்சம் கோணியது. "முனீஸ்வரன் உன்ன நல்லா வச்சி செஞ்சிருக்காரு லா." ஆனால் அது சிரிப்பாக மாறவில்லை. திரையைக் கைகாட்டினார். "வந்து பாரு. பதில் வந்திருக்கு."

தெலுக் இந்தானிலிருந்து வசந்தன் என்பவர் எழுதியிருந்தார். இருவருக்கும் எழுத்தில் மட்டும் பழக்கமான ஆள். அந்த நாகமுத்து மேல் எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம், நல்ல வேலை செய்தீர்கள் அண்ணே, இங்கே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று இருந்தது.

"போன மாசம்தான் இவன் பெட்டி கெட்டுப்போச்சுன்னு நான் ஒண்ணு செஞ்சு பஸ்ஸுல போட்டுவிட்டேன்" என்றார் நாகமுத்து. "உனக்கு வந்த சேதி இது. உன் போர்டுக்கு அனுப்பிட்டேன். அதுலயும் கை வைக்கல."

வீரப்பன் நாற்காலியை இழுத்தார். "தள்ளு. இப்பவே எழுதுறேன்."

"இங்க வேணாம்."

"ஏன்?"

"என் வீட்டுல ஒக்காந்து எழுதினா நான் கழுத்தப் புடிச்சி எழுத வச்சேன்னு சொல்லுவானுங்க. கொஞ்ச நாள் போனா நீயே சொல்லுவ. உன் போர்டுல, உன் கையால எழுது. வந்தா என் மெஷின் எடுக்கும்."

"எடுக்குமா?"

கேட்டபிறகுதான் கேட்டது உறைத்தது. நாகமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விளக்கைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே எழுதுவது கஷ்டமாக இல்லை: இரைச்சல் என் வீட்டுச் சாமி விளக்கு, நாகமுத்து மேல் தப்பில்லை, நான் சொன்னது பொய், அந்தப் பொய்யையும் அவர்தான் உங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதோடு நிறுத்தினார். தலைப்பில்தான் விரல் நின்றுவிட்டது.

போர்டுக்கு வருகிறவன் தலைப்பை மட்டும்தான் பார்ப்பான். 'திருத்தம்' என்றோ 'மன்னிப்பு' என்றோ போட்டால் எவன் திறப்பான்? அவரே திறந்ததில்லை. 'திருடன்' என்று போட்டதை எல்லாரும் திறந்திருப்பார்கள், வசந்தன் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பான். வீரப்பன் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். வந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

THIRUDAN PIDIPATTAN - KURUBONG VEERAPPAN.

இப்போது திறப்பார்கள்.

'எல்லாருக்கும்' என்று போட்டு அனுப்பினார். கிளேபாங் மெஷின் பகலில்தான் வரும், நாளைக்குத்தான் எடுக்கும், அது தெரியும். இருந்தும் அவர் பெட்டியைவிட்டு நகரவில்லை. அதற்குள் எத்தனை பேர் முதல் சேதியைப் படித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்கக் கால் தரையில் நிற்கவில்லை.

"லைட்டு கொண்டாந்தீங்களா?" என்று முனியம்மா ஹாலிலிருந்து கேட்டாள்.

"எண்ணெ வெளக்கு போதும் சாமிக்கு."

"கிளேபாங்குல நாகண்ணன் எப்படி இருக்காரு?"

பதில் சொல்லத் திரும்பியவர் பாதியில் நின்றார். பெட்டியில் விளக்கு மினுக்கியது. பகல் நேரம் இல்லை. மெஷின் தானாகக் கூப்பிடுகிற நேரமே இல்லை, அங்கே ஆள் உட்கார்ந்து கையால் தட்டினால்தான் உண்டு. திரையில் கிளேபாங் வந்து நின்றது, சேதியை எடுத்தது, ஒரு சொல்கூட எழுதாமல் போயிற்று.

வீரப்பன் இருட்டில் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.