பேருந்துப் படியில் சிக்னி ஹார்ஜு

1

இப்போதெல்லாம் யாரும் சும்மா ஓடுவதில்லை. ஓடுவதற்கு முன்னால் ஒரு படம், முடித்ததும் ஒரு படம், நடுவில் வாழைப்பழம் தின்றால் அதற்கும் ஒன்று. இந்த லட்சணத்தில் டோரீன் வந்து, "ரெய்னோ, சிக்னியப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, மாரத்தான் மலர்ல போடணும்" என்றாள். டோரீன், அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் நகர ஓட்டச் சங்கத்தின் செயலாளர். நான் படிப்பைப் பாதியில் விட்டு லாரி ஓட்டப் போனவன்.

"வேற ஆளே கெடைக்கலியா?"

"அன்னிக்குப் பக்கத்துல இருந்தது நீங்கதானே."

இந்தக் கதை பிறந்த கதை அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'சிறு வயதிலிருந்தே அவள் கால்களில் காற்று—'

அடித்துவிட்டேன். காலில் காற்று இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

இரண்டாவது: சிக்னி ஹார்ஜு பக்கத்து ஊர்க்காரி. ஆணி வைத்த காலணியோடு பனியில் ஓடிப் பழகியவள். ஒருமுறை இங்கே மாரத்தானில் பெண்களில் முதலாவதாக வந்தாள். பிறகு பாத எலும்பில் விரிசல், பிறகு இரட்டைப் பிள்ளைகள், பிறகு மறுபடி அதே எலும்பு. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. ஒலிம்பிக்குக்கு ஆள் பொறுக்கும் தேசியப் போட்டியில் நுழைய ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் ஓடிக் காட்ட அவளுக்குக் கடைசி வாய்ப்பு இந்த ஜூன் மாத ஓட்டம். தவறினால் ஓட்டத்தையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

(சொன்னாள் என்று டோரீன் சொன்னாள். என் காதால் நான் கேட்கவில்லை.)

3

ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வழியோரம் நிற்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்துக்கு நான்தான் ஓட்டுநர். ஏறுகிறவர் நெஞ்சில் குத்திய எண் அட்டையின் அடிமுனையைக் கிழித்து என் கையில் தரவேண்டும். தந்தால் ஓட்டம் முடிந்தது. பாவமே என்று நான் கை கொடுத்தாலும் முடிந்தது.

ஓட்டம் ஏரிக்கரைச் சாலையில்தான். அன்று ஏரிக்காற்று முதுகில் தள்ளியது. முதுகுக் காற்று ஏமாற்றும். உடம்பு கொதிப்பது தெரியாது, கால் மட்டும் பறக்கும். வெளியூர்க்காரர்கள் இதில் மாட்டுவார்கள். இந்த ஏரியின் கரையிலேயே வளர்ந்தவள் மாட்டலாமா? மாட்டினாள். கடைசி மேட்டுக்கு முன்னால், உதடெல்லாம் வெளுத்து, என் பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தாள்.

"கதவத் திறங்க, ரெய்னோ."

"திறந்துதான் கெடக்கு. கண்ணு தெரியலியா?"

அவளுக்கு முன்பே ஓட்டத்தை விட்டு ஏறி, உள்ளே போர்வை சுற்றி உட்கார்ந்திருந்த பல் டாக்டர் ஒருவர், "வாம்மா, ஜன்னலோரம் காலியா இருக்கு" என்றார்.

"அங்க உக்காராத" என்றேன். "இப்பத்தான் இவரு வாந்தி எடுத்தாரு."

"கொஞ்சம்தான்!" என்றார் டாக்டர்.

சிக்னி அட்டை முனையைப் பிடித்துப் பாதி கிழித்துவிட்டாள்.

4

இங்கேதான் டோரீனுக்கும் எனக்கும் சண்டை.

"'உன்னால முடியும் சிக்னி'ன்னு நீங்க சொன்னதா எழுதுங்க."

"சொல்லலியே."

"கதைதானே, ரெய்னோ!"

எழுதிப் பார்த்தேன். நான் சொன்னேன், அவள் கண் பளிச்சென்று— தூ. இன்னொன்று: பிள்ளைகளின் முகம் அவள் மனதில்— அவள் மண்டைக்குள் நானா உட்கார்ந்திருந்தேன்?

நடந்தது இது. கிழிப்பதை நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

"வண்டி எப்பக் கெளம்பும்?"

"கடைசி ஆள் வரணும். மத்தியானம் ஆகும்."

"அதுவரைக்கும் இந்த நாத்தத்துலயா?"

"அட்டையக் குடுக்கிறியா, இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொங்கிய முனையை ஊக்கால் திரும்பக் குத்திக்கொண்டு காலை இறக்கினாள். முதலில் நொண்டினாள். மேட்டில் ஏறும்போது ஓடினாள்.

(வாந்தி நாற்றத்தால் ஒருத்தி திரும்ப ஓடினாள் என்று மலரில் போடமுடியாதாம்.)

5

கெடுவுக்குள் முடித்தாளா? டோரீனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள், வேண்டாமென்றேன். கடிகாரத்தை இயக்குவதும் மனிதர்கள்தானே, அவர்கள் சொல்லும் நேரத்தை நான் எப்படி நம்புவது? கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்து, நல்ல மழையில், கரைச்சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். வண்டியில் போன நான் ஹாரன் அடித்தேன்.

"வழிய விடுங்க, கெழவரே!"

கெடுவை வென்றவள் அப்படி ஓடுவாள். தோற்றவளும்— ஓடுவாளா? நீங்களே முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.

டோரீன் படித்துவிட்டு, "அழகா வந்திருக்கு" என்கிறாள். எதைக் காட்டினாலும் அழகு என்பவள். ஒரு மனுஷி ஏன் ஓடுகிறாள் என்பதை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். தாளை அவள் மேசையிலேயே போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். எனக்கு இன்னும் அந்த நம்பிக்கை வரவில்லை.