மஞ்சள் வட்டம்

சாப்பாட்டு மணி அடித்ததும் வரைபடக்காரி கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து போனாள். வேண்டுமென்றேதான். திரையில் அவளுடைய விளையாட்டுத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. முப்பதுக்கு முப்பது கட்டம். ஒரு பக்கம் இரும்புத்தாது உள்ளே போனால் மறுபக்கம் முழு எஞ்சினாக வெளியே வர வேண்டும். உலை, வார்ப்பு, பொருத்துமிடம் எல்லாம் அந்தக் கைக்குட்டை அளவு இடத்துக்குள்ளேயே. கம்பெனி வைத்த போட்டி இது. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஜெயித்தவருக்குத்தான் புதுக் கட்டடத்தை வரையும் பொறுப்பு.

அந்த மரியாதை போன வருஷமே அவளுக்கு வந்திருக்க வேண்டியது. பேக்கிங் ஹாலுக்காக மூன்று மாதம் அளந்து அளந்து அவள் போட்ட வரைபடத்தை அக்கா புருஷன் அப்படியே சுட்டுத் தன் பெயரில் கொடுத்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி அவரை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவளே அவள்தான். இன்று அவர் தளப் பொறுப்பாளர். வீட்டில் அத்தான், இங்கே சார். அந்த வரைபடத்தில் அவள் டீ டம்ளர் வைத்த கறை ஒன்று இருந்தது. மனுஷன் அதையும் விடவில்லை. இன்றைக்கும் ஹால் நடுவே பத்தடி அகலத்துக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் இருக்கிறது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. தள்ளுவண்டிக்காரர்கள் பயபக்தியோடு சுற்றிப் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், "மேசையெல்லாம் வட்டம் வட்டமா கறை. உனக்கு எப்பதாண்டி புத்தி வரும்?" என்று துடைத்துக்கொண்டே அக்கா, "உங்க அத்தான் மூளையப் பாத்தியா? இந்தப் போட்டியும் அவருக்குத்தானாம்" என்றாள். அத்தான் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. வரைபடக்காரியோ, அக்கா முகத்துக்காக ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள். இந்த முறை வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

உலையில் தாது உருகினால் கசடு வரும். அவள் திரையில் விட்டுவந்த அமைப்பில் அந்தக் கசடு மூலையிலுள்ள ஒரு பெட்டிக்குள் விழும். நாற்பது நிமிஷத்தில் பெட்டி நிறையும். நிறைந்தால் உலை நிற்கும்; உலை நின்றால் எல்லாம் நிற்கும். எது எதற்கு என்று ஒரு தடவை யோசிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அத்தான் யோசிக்க மாட்டார். பத்து நிமிஷம் ஓடினாலே அவருக்குப் போதும். கசடை அரைத்துக் கல்லாக்கி வெளியே அனுப்புகிற நிஜமான அமைப்பு அவள் கைப்பைக்குள் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது.

சாப்பிட்டுத் திரும்பியபோது அவள் நாற்காலி சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பேக்கிங் ஹாலிலேயே திரை கட்டினார்கள். மஞ்சள் வட்டத்துக்குள் மட்டும் யாரும் நாற்காலி போடவில்லை. அத்தான் புதுச் சட்டையில் வந்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அக்கா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. அத்தான் பெயரில் திரையில் ஓடிய தொழிற்சாலைக்கு முப்பத்தைந்தாவது நிமிஷம் கைதட்டல் எழுந்து அவர் கும்பிடு போட்டபோது அதுவும் போயிற்று. அவள் டீயை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

நாற்பதாவது நிமிஷம் உலை நின்றது. பொருளை நகர்த்தும் பட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"அந்தப் பெட்டி எதுக்கு?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அது… ஒரு பாதுகாப்புக்கு மேடம்."

"இந்த மஞ்சள் வட்டம் மாதிரியா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டிக்காரர் கேட்க, ஹாலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் வியர்வையைத் துடைக்கிற சாக்கில் வரைபடக்காரி பக்கம் குனிந்தார்.

"நீயாவது எடுத்துச் சொல்லேம்மா."

"என்னோடதுன்னு சொல்லுங்க அத்தான். சொல்றேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் புதுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்து யாரு?" என்றார் முதலாளியம்மா.

வரைபடக்காரி எழுந்தாள். யாரும் மிதிக்காத மஞ்சள் வட்டத்துக்குள் நேராக நடந்து போய், கைப்பையைத் திறக்க வசதியாக டம்ளரைத் தரையில் வைத்தாள். தேடியது கிடைத்ததும் டம்ளரைத் திரும்ப எடுத்தாள். பெரிய வட்டத்தின் நடுவே ஈரமாக ஒரு சின்ன வட்டம் இருந்தது.

முன்வரிசையில் அக்கா மெல்ல எழுந்து நின்றாள். அவள் கண் சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குப் போய், அதன் விளிம்போடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.